டாரோ சீட்டும் துக்காராமும்

டாரோ சீட்டுக்கட்டுல 16ஆம் சீட்டு கோபுரம். 1909ல் லண்டன்ல வெளியான கட்டுக்கு பமேலா கோல்மன் ஸ்மித் வரைஞ்ச படத்துல, கோபுரத்து உச்சியில இடி விழுது, கிரீடம் பறக்குது, ரெண்டு பேர் தலைகுப்புற விழறாங்க. அழிவு, அதுக்கப்புறம் ஞானம்னு பலன் சொல்வாங்க. இதுக்குச் சீட்டு எதுக்குங்க? நம்ம தேஹு ரோடு ஸ்டேஷன்லேர்ந்து ஆட்டோ புடிச்சா தேஹு கிராமம். கதை அங்கேயே நடந்திருக்கு.

துக்காராமோடது கடையும் கொடுக்கல் வாங்கலும் இருந்த குடும்பம். 1630ல் தக்காணத்துல கொடும் பஞ்சம். வியாபாரம் நொடிச்சுது. முதல் மனைவி பசியில செத்தாங்க, பிள்ளையும் போச்சு. அதுக்கப்புறம் அவர் செஞ்சதாச் சொல்றதுதான் எனக்குப் பெருசாத் தெரியுது: ஊர்க்காரங்க எழுதிக் கொடுத்த கடன் பத்திரங்கள்ல பாதியைத் தம்பி கான்ஹோபாவுக்குக் கொடுத்துட்டு, தன் பங்கை இந்திராயணி ஆத்துல போட்டுட்டார். நாமளா இருந்தா வசூலுக்குல்ல கிளம்பியிருப்போம்!

அடுத்து ஆத்துக்குப் போனது அவரோட பாட்டு ஏடுகள். சூத்திரன் வேதப்பொருளைப் பாடலாமான்னு ராமேஷ்வர் பட் எதிர்த்ததால, தூக்கிப் போட வேண்டியதாச்சு. கரையிலேயே 13 நாள் பட்டினி கிடந்தார், ஏடு நனையாம மிதந்து வந்துதுன்னு வார்கரிகள் சொல்றாங்க. மிதந்துதோ, ஜனங்க மனப்பாடமா வச்சிருந்தாங்களோ, 4,000க்கு மேல அபங்கம் இன்னிக்கும் பாடறாங்க. அந்த ராமேஷ்வர் பட்டே பின்னால அவருக்குச் சீடரானாராம்.