உள்ளூர் மக்கள் என்றால் யார்? கரடிக்காது மலை சொல்லும் வரலாறு

தேசிய நினைவுச் சின்னம் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது ஒரு கோபுரம், ஒரு சிலை, அல்லது ஒரு மண்டபம். அமெரிக்காவில் அந்தச் சொல்லின் பொருள் இன்னும் விரிவானது. அங்கே ஒரு மலை, ஒரு பள்ளத்தாக்கு, ஏன், பல இலட்சம் ஏக்கர் நிலப்பரப்பே தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்படலாம். 1906ஆம் ஆண்டு ஜூன் 8ஆம் நாள் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட தொல்பொருள் சட்டம் அந்த அதிகாரத்தை அதிபரிடம் கொடுத்தது. நிலம் கூட்டரசுக்குச் சொந்தமாக இருந்தால் போதும்; நாடாளுமன்றத்தின் ஒப்புதல் தேவையில்லை.

ஆனால் அச்சட்டத்தில் ஒரு நிபந்தனையும் உண்டு. பாதுகாப்புக்குத் தேவையான மிகக் குறைந்த பரப்பை மட்டுமே ஒதுக்க வேண்டும். எது மிகக் குறைந்த பரப்பு? பாறையை மட்டும் காத்தால் போதுமா, அதைச் சுற்றியுள்ள நிலத்தையும் காக்க வேண்டுமா? நூறாண்டுகளுக்கும் மேலாக நடந்துவரும் வழக்கே இதுதான்.

பாலங்கள் உள்ளே, வரலாறு வெளியே

யூட்டா மாநிலத்தின் முதல் தேசிய நினைவுச் சின்னம் 1908இல் அறிவிக்கப்பட்டது. ஓடை நீர் பாறையைக் குடைந்து உருவாக்கிய மூன்று இயற்கைப் பாலங்கள் அங்கே உள்ளன. இன்று அதன் பரப்பு 7,600 ஏக்கருக்குச் சற்றுக் கூடுதல். பாலங்கள் காப்பாற்றப்பட்டன. சுற்றியிருந்த பெருநிலமோ அந்த எல்லைக்கு வெளியே நின்றுவிட்டது.

அந்நிலத்தில் என்ன இருந்தது? மலைமுகட்டுக் குகைகளில் கட்டிய வீடுகள், தானியக் களஞ்சியங்கள், பாறை ஓவியங்கள், கல்லறைகள் என ஒரு இலட்சத்துக்கும் அதிகமான தொல்லிடங்கள் இருக்கலாம் என மதிப்பிடப்படுகிறது. அவற்றில் பலவற்றைக் கட்டியவர்கள் 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் தெற்கே பெயர்ந்து சென்றனர். ஹோப்பி, ஸூனி முதலிய இனத்தார் அவர்களின் வழிவந்தவர்கள். நவஹோ இனத்தின் புகழ்பெற்ற தலைவர் மனுவெலிட்டோ பிறந்ததும் இப்பகுதியில்தான். 1860களில் அமெரிக்கப் படை நவஹோ மக்களை விரட்டிச் சென்றபோது, சிலர் ஒளிந்து உயிர் பிழைத்ததும் இந்தப் பள்ளத்தாக்குகளில்தான்.

இங்கே தொலைவிலிருந்தே தெரியும் இரட்டைக் குன்றுகள் உண்டு. ஆங்கிலத்தில் அவற்றை பேர்ஸ் இயர்ஸ் என்பர். அதாவது கரடியின் காதுகள். வியப்பு என்னவெனில், நவஹோ, ஹோப்பி, யூட், ஸூனி ஆகிய வெவ்வேறு மொழிகளிலும் அக்குன்றுகளின் பெயருக்கு அதே பொருள்தான்.

பாதுகாப்பு இல்லாத இடத்தில் கொள்ளை நடப்பது இயல்பு. கல்லறைகளைத் தோண்டிப் பானைகளையும் அணிகளையும் விற்கும் பழக்கம் இப்பகுதியில் தலைமுறை தலைமுறையாக இருந்தது. 2009ஆம் ஆண்டு ஜூன் மாதம் கூட்டரசு அதிகாரிகள் பெரும் சோதனை நடத்திப் பலரைக் கைது செய்தனர்.

மூன்று பேர் கொண்ட மன்றம்

இந்நிலம் அமைந்திருப்பது சான் ஹுவான் மாவட்டத்தில். பரப்பில் ஏறக்குறைய நமது பேராக் மாநிலம் அளவு. மக்கள்தொகையோ சுமார் 15,000தான். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் பூர்வகுடியினர், பெரும்பாலும் நவஹோ மக்கள். மாவட்டத்தை ஆள்வது மூன்று உறுப்பினர் மன்றம். மலேசியாவின் ஊராட்சி மன்றங்களில் இருப்பதுபோல் நியமன உறுப்பினர்கள் அல்லர். மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுப்பவர்கள்.

மக்களில் பாதிக்கு மேல் பூர்வகுடியினர் என்றால் மன்றமும் அவர்கள் கையில்தானே இருந்திருக்கும்? இல்லை என்கிறது வரலாறு. அமெரிக்காவின் பூர்வகுடியினர் அனைவருக்கும் 1924இல் குடியுரிமை கிடைத்தது. எனினும் ஒதுக்கீட்டு நிலங்களில் வாழ்ந்தோருக்கு யூட்டா மாநிலம் 1957 வரை வாக்குரிமை தரவில்லை. கூட்டரசு நீதித்துறை வழக்குத் தொடுத்த பிறகே 1980களில் மாவட்டம் மூன்று தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டது. 1986இல் மார்க் மேரிபாய் முதல் நவஹோ உறுப்பினராக வென்றார். ஆனால் நவஹோ வாக்காளர்களில் பெரும்பாலோர் ஒரே தொகுதிக்குள் அடைக்கப்பட்டிருந்தனர். ஆகவே மூன்றில் ஒன்று என்பதே அவர்களுக்கு நிரந்தரக் கணக்கானது.

எதிர்ப்பும் அறிவிப்பும்

2015இல் ஹோப்பி, நவஹோ, ஸூனி இனங்களும் இரு யூட் இனங்களும் கூட்டணி அமைத்தன. 19 இலட்சம் ஏக்கரைப் பாதுகாக்குமாறு அவை வேண்டுகோள் வைத்தன. மாவட்ட மன்றம் எதிர்த்தது. அதன் அச்சங்களை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. மாவட்டத்தில் தனியார் நிலம் சுமார் 8 விழுக்காடுதான். மேய்ச்சலும் சுரங்கமும் பலருக்குப் பிழைப்பு. தொலைதூரத் தலைநகரில் இருப்போர் தங்கள் வாழ்வைத் தீர்மானிப்பதா என்று பண்ணைக் குடும்பங்கள் கேட்டன. அப்போது மன்றத்திலிருந்த நவஹோ உறுப்பினரும் எதிரணியிலேயே நின்றார். 2016 ஜூலையில் பிளஃப் என்ற சிற்றூரில் நடந்த கூட்டத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் திரண்டு இரு தரப்பு வாதங்களையும் முன்வைத்தனர்.

2016 டிசம்பர் 28ஆம் நாள் அதிபர் ஒபாமா 13 இலட்சத்து 50 ஆயிரம் ஏக்கரை நினைவுச் சின்னமாக அறிவித்தார். இது சிங்கப்பூரைப்போல் ஏழு மடங்குக்கும் அதிகம். பழைய மேய்ச்சல் உரிமங்கள் தொடர்ந்தன. புதிய சுரங்க உரிமைகளுக்கு மட்டும் கதவு மூடப்பட்டது. ஓராண்டு கழியுமுன், 2017 டிசம்பர் 4இல் அதிபர் டிரம்ப் அதை 85 விழுக்காடு குறைத்தார். உள்ளூர் மக்கள் விரும்பவில்லை என்பது அப்போது ஓங்கி ஒலித்த வாதங்களில் ஒன்று. அன்றே ஐந்து இனங்களும் நீதிமன்றம் சென்றன.

எல்லைக்கோடு மாறியது, தீர்மானமும் மாறியது

அதே டிசம்பர் மாதத்தில் இன்னொரு தீர்ப்பும் வந்தது. தொகுதிப் பிரிப்பை எதிர்த்து நவஹோ நாடு 2012இல் தொடுத்த வழக்கு அது. பழைய எல்லைகள் அரசமைப்புக்கு முரணானவை என ஏற்கெனவே கூறியிருந்த நீதிபதி ராபர்ட் ஷெல்பி, புதிய எல்லைகளை நடைமுறைப்படுத்த உத்தரவிட்டார். 2018 தேர்தலில் வில்லி கிரேஐஸ் என்ற நவஹோ வேட்பாளரின் பெயரை, அவர் யூட்டாவாசி அல்லர் எனக் கூறி மாவட்ட நிர்வாகம் நீக்கியது. நீதிமன்றம் தலையிட்டு மீண்டும் சேர்த்தது. அவரும் கென்னத் மேரிபாயும் வென்றனர். மாவட்ட வரலாற்றில் முதல் முறையாக மன்றத்தில் நவஹோ பெரும்பான்மை அமைந்தது.

2019 பிப்ரவரியில் அம்மன்றம் பழைய எதிர்ப்புத் தீர்மானங்களை இரத்து செய்தது. நினைவுச் சின்னம் சுருக்கப்பட்டதைக் கண்டித்தது. மாவட்டம் அதுவேதான். மலையும் அதுவேதான். மக்களும் அவர்களேதான். வாக்குகளை எண்ணும் முறை மட்டுமே மாறியிருந்தது. அதற்கு முன்பு உள்ளூர்க் குரல் என்று உலகம் கேட்டது, உள்ளூரில் ஒரு பாதியின் குரலையே என்பது அப்போது விளங்கியது.

கூட்டரசு நிலத்தின்மீது மாவட்டத் தீர்மானத்துக்குச் சட்ட வலிமை கிடையாது. ஆனாலும் அதன் மதிப்பு சிறிதன்று. 2021 அக்டோபர் 8இல் அதிபர் பைடன் பழைய பரப்பை மீட்டுத் தந்தபோது, உள்ளூர் ஆட்சியே எதிர்க்கிறது என்று யாரும் கூற இயலவில்லை. 2022 ஜூனில் நிலத்தைக் கூட்டாக நிர்வகிக்க ஐந்து இனங்களும் கூட்டரசும் ஒப்பந்தம் செய்தன. அதே ஆண்டு யூட்டா மாநிலம் வழக்குத் தொடுத்தபோது அதனுடன் சேர்ந்தவை வேறு இரு மாவட்டங்கள். சான் ஹுவான் அந்த வரிசையில் இல்லை.

கதை இத்துடன் முடியவில்லை. 2022 நவம்பர் தேர்தலில் மன்றப் பெரும்பான்மை மீண்டும் கைமாறியது. 2025இல், முந்தைய அதிபர்கள் அறிவித்த நினைவுச் சின்னங்களை இன்னோர் அதிபர் முற்றாக நீக்கலாம் என்று அமெரிக்க நீதித்துறை கருத்துரைத்தது. அறிவிப்பைத் தந்த கையெழுத்தை இன்னொரு கையெழுத்து அழிக்கலாம் என்றால், ஒரு நிலத்துக்கு நிலையான காவல் அருகில் வாழும் மக்களிடமிருந்துதான் வர வேண்டும். அந்த மக்கள் அனைவருக்கும் மன்றத்தில் இடம் இருக்கிறதா என்பதே முதலில் கேட்க வேண்டிய கேள்வி. சான் ஹுவானில் அந்தக் கேள்விக்கு விடை கிடைக்க 1957இலிருந்து 2018 வரை, 61 ஆண்டுகள் ஆயின.