இராயபுரம்: கட்டடம் நின்றால் போதுமா?

1856 ஜூலை 1 அன்று இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலை நோக்கிப் புறப்பட்ட புகைவண்டியே தென்னிந்தியாவின் முதல் பயணியர் வண்டி. பம்பாய், தாணே ஆகிய ஊர்களில் அதற்கு முன்னெழுந்த நிலையக் கட்டடங்கள் மறைந்துவிட்டன; துணைக்கண்டத்தில் இன்றும் நிற்பவற்றுள் மூத்தது இராயபுரமே. 1873இல் சென்ட்ரல் நிலையம் எழுந்தபின் அதன் ஏற்றம் குன்றிற்று. பாழ்பட்டிருந்த கட்டடம் 2005இல் புதுப்பிக்கப்பட்டது.

ஆயினும், தூண்களைச் செப்பனிடுவதோடு வரலாறு காக்கப்பட்டதாகாது. இங்கிலாந்தின் மான்செஸ்டரில் 1830ஆம் ஆண்டு நிலையம் பயணியரையும் சரக்கையும் இழந்தபின், 1983இல் அருங்காட்சியகமாய் மறுவாழ்வு பெற்றது. இராயபுரத்திலும் அத்தகைய கூடம் அமைதல் வேண்டும். தண்டவாளம் இட்டோர், கரி அள்ளியோர், துறைமுகத்தில் மூட்டை சுமந்தோர் ஆகியோரின் வாழ்வு அங்கே இடம்பெற வேண்டும். செங்கல்லை அரசு காக்கலாம். வடசென்னை முதியோர் நாவில் எஞ்சியுள்ள தொழிற்சொற்களைத் திரட்டித் தருவது கவிஞர்களாகிய நம் கடன்.