1.6: ஓர் எண் வந்த வழி

அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் பென்சகோலா என்றோர் ஊர். அங்கிருந்த கடற்படை ஆய்வுக்கூடத்தில், 1970களில், எலிகளும் குரங்குகளும் நெம்புகோலை அழுத்தித் தீனி வாங்கப் பழகியிருந்தன. அவற்றின் மேல் ரேடியோ அலையைப் பாய்ச்சி, அளவைக் கூட்டிக்கொண்டே போனார்கள். எடையில் கிலோவுக்கு ஏறக்குறைய 4 வாட் உடலில் ஏறியபோது உடம்புச் சூடு சுமார் 1 டிகிரி கூடியது, கை சோர்ந்தது. இன்று நம் காதோரம் இருக்கும் போனின் அலைக்கு வைத்த வரம்பின் தொடக்கம் அந்தச் சோர்வுதான்.

அந்த 4-ஐப் பத்தால் வகுத்தார்கள்: 0.4. பொதுமக்களில் குழந்தையும் நோயாளியும் உண்டே என்று மேலும் ஐந்தால் வகுத்தார்கள்: 0.08. இது உடல் முழுவதன் சராசரி. ஏதாவது ஓரிடத்தில் இருபது மடங்கு வரை குவியலாம் என்பதால், ஒரு கிராம் திசுவின் சராசரியில் உச்சம் கிலோவுக்கு 1.6 வாட் ஆயிற்று. 1996இல் அமெரிக்கா அதைச் சட்டமாக்கியது. பத்து கிராம் திசுவின் சராசரியில் கிலோவுக்கு 2 வாட் என்று வைத்திருந்த இந்தியா, 2012 செப்டம்பரில் 1.6க்கு மாறியது.

போன் இந்த வரம்புக்குள் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனைக்கூடத்தில் ஒரு வெற்றுத் தலை இருக்கிறது. கண்ணாடியிழை ஓடு, உள்ளே திசுவைப்போல் அலையை உறிஞ்சும் திரவம். கன்னத்தில் போனை ஒட்டி முழுத் திறனில் இயக்க, ரோபோ கை ஒன்று மெல்லிய அளவியைத் திரவத்துக்குள் புள்ளி புள்ளியாக நகர்த்துகிறது. அந்தத் தலையின் வார்ப்பு, அமெரிக்கப் படைவீரர்களிடம் எடுத்த அளவுகளின்படி அமைந்த பெரிய ஆண் தலை. சிறுபிள்ளையின் தலைக்கும் இதுவே போதுமா என்று கேட்பவர்களை நான் குறை சொல்லமாட்டேன்.

இந்த எண் காப்பது சூட்டிலிருந்து மட்டும். 2011இல் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை இந்த அலைகளை ‘புற்றுநோய் உண்டாக்கக்கூடும்’ என்ற 2பி பிரிவில் வைத்தது. சான்று குறைவானது என்றும் சேர்த்தே சொன்னது.

தெருவில் டவர் வந்தால் பதறுகிறோம். அதைவிடக் காதில் ஒட்டிய போனிலிருந்து உடல் வாங்குவதே பொதுவாக அதிகம். டவர் அருகிலிருந்தால் போன் தன் திறனைக் குறைத்துக்கொள்ளும். சிக்னல் ஒற்றைக் கோட்டில் தள்ளாடும்போதுதான் அது முழு மூச்சில் அலையை வீசும். அந்த நேரத்தில் இயர்போனோ ஸ்பீக்கரோ போட்டுப் பேசுங்கள். உங்கள் போனின் அளவு தெரிய *#07# அழுத்திப் பாருங்கள்.