ஆண்டிபட்டியிலிருந்து பார்த்தால்: உளவு அமைப்புகளும் ஈழ இயக்கங்களும்

உளவு நிறுவனங்களுக்கும் ஆயுதம் தாங்கிய இயக்கங்களுக்கும் உள்ள உறவு பற்றிப் பேச்செடுத்தால் நம் வட்டாரங்களில் இரண்டு குரல்கள் உடனே எழும். 'எல்லாமே சி.ஐ.ஏ. வேலைதான் தோழர்' என்பது ஒன்று. 'தியாகத்தைக் கொச்சைப்படுத்தாதீங்க' என்பது இன்னொன்று. முதல் குரல் எதையும் நிரூபிக்கும் பொறுப்பிலிருந்து தப்பித்துக்கொள்கிறது. இரண்டாவது குரல் எதையும் விசாரிக்கவே விடுவதில்லை. 1983க்கும் 1990க்கும் இடையில் இந்திய உளவு அமைப்பான 'ரா'வுக்கும் ('றோ' என்று எழுதுவார்கள் ஈழத்தவர்கள்) ஈழ இயக்கங்களுக்கும் இருந்த உறவு இந்த இரண்டு குரல்களுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு கிடக்கிறது.

டெல்லியிலிருந்தும் சென்னையிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் இது பற்றி எழுதியிருக்கிறார்கள். நான் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து எழுதுகிறேன். தேனிக்கும் இதுக்கும் என்னய்யா சம்பந்தம் என்று கேட்கலாம். ஓட்டுச் சம்பந்தம் உண்டு. 1984 டிசம்பரில் அமெரிக்க மருத்துவமனையில் படுத்திருந்த எம்.ஜி.ஆரைச் சட்டமன்றத்துக்கு அனுப்பியது ஆண்டிபட்டி. 1989இல் போடிநாயக்கனூரில் ஜெயித்துத்தான் ஜெயலலிதா எதிர்க்கட்சித் தலைவரானார். 2002 பிப்ரவரி இடைத்தேர்தலில் அவரை மறுபடி முதலமைச்சர் நாற்காலிக்கு அனுப்பியதும் ஆண்டிபட்டிதான். புலிகளுக்குக் கோடிக்கணக்கில் பணம் கொடுத்தவரும் எங்கள் எம்.எல்.ஏ., புலிகளை ஆதரித்துப் பேசியவர்களைப் பொடாவில் உள்ளே தள்ளியவரும் எங்கள் எம்.எல்.ஏ. இரண்டையுமே அவர்கள் எங்களைக் கேட்டுச் செய்யவில்லை. இந்தக் கட்டுரையின் பிரச்சினை இதுதான்.

1

இலங்கை எங்க பக்கத்துக்கு 1983இல் அறிமுகமான பெயரல்ல. கண்டிச் சீமைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போனவர்களின் வாரிசுகள், 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு 'தாயகம் திரும்பியோர்' என்ற முத்திரையோடு கப்பலேற்றப்பட்டார்கள். எங்கள் மலைக்கு மேலே, கவியில் உள்ள கேரள வனவளர்ச்சிக் கழகத்தின் ஏலத்தோட்டங்களில் குடியமர்த்தப்பட்டவர்களும் அவர்கள்தான். எங்களுக்கு 'சிலோன்காரங்க'. அவர்களைத் திருப்பி அனுப்பவும் பெற்றுக்கொள்ளவும் இரண்டு அரசுகள் கையெழுத்துப் போட்டன. அந்த மக்களை யாரும் கேட்கவில்லை. கேட்காமல் முடிவெடுப்பது அப்போதே பழகிப்போன விஷயம்.

1983 ஜூலை 23 இரவு யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் 13 இராணுவத்தினர் கொல்லப்பட்டதும் கொழும்பில் தொடங்கிய படுகொலைகளும், வெலிக்கடைச் சிறைக்குள் 53 தமிழ்க் கைதிகள் அடித்துக் கொல்லப்பட்டதும் தமிழ்நாட்டை உலுக்கின. ஆகஸ்ட் 2இல் தமிழ்நாடு முழுக்கக் கடையடைப்பு. நான் அப்போது ஒன்பதாம் வகுப்பு. கம்பத்திலும் உத்தமபாளையத்திலும் பையன்கள் உண்டியல் குலுக்கினோம். வண்டிக்காரர் நாலணா போடுவார், திராட்சைத் தோட்டக்காரர் பத்து ரூபாய் போடுவார். யார் என்ன போட்டார்கள் என்பது பஜாருக்கே தெரியும். அதே மாதங்களில்தான் யாருக்கும் தெரியாத இன்னொரு பணமும் இன்னொரு உதவியும் அதே இளைஞர்களை நோக்கிப் போகத் தொடங்கியிருந்தன.

2

எது நிரூபணமானது, எது சம்பந்தப்பட்டவர்களே சொன்னது, எது வெறும் சந்தேகம் என்று பிரித்துக்கொள்ளாமல் இந்த விஷயத்தில் ஓரடிகூட நகர முடியாது.

1983இன் பிற்பகுதியிலிருந்து டேராடூன் பக்கம் சக்ராதாவில் ஈழ இளைஞர்களுக்கு 'ரா' ஆயுதப் பயிற்சி கொடுத்தது. டெலோ, ஈ.பி.ஆர்.எல்.எஃப்., ஈரோஸ், புளொட், விடுதலைப் புலிகள் என்று எல்லாப் பெரிய இயக்கங்களோடும் அதற்குத் தொடர்பு இருந்தது. தமிழ்நாட்டுக்குள் புலிகளின் முகாம்கள் மேட்டூருக்குப் பக்கத்தில் கொளத்தூரிலும், எங்களுக்கு அதிகத் தூரமில்லாத சிறுமலையிலும் இருந்தன. புளொட்டுக்கு ஒரத்தநாடு. 1984 மார்ச்சிலேயே 'இந்தியா டுடே' இந்த முகாம்களைப் பற்றி எழுதிவிட்டது. இந்திய அரசோ அப்படி எதுவும் இல்லையென்று மறுத்துக்கொண்டே இருந்தது. 1997 நவம்பரில் ஜெயின் ஆணையத்தின் இடைக்கால அறிக்கை நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டபோது பயிற்சி விஷயம் அரசாங்கக் காகிதத்திலேயே ஏறியது. அதற்குப் பிறகு டெல்லியில் நடந்த சண்டை எது பற்றி? தி.மு.க. அமைச்சர்களை நீக்குவதா வேண்டாமா என்று. குஜ்ரால் அரசு கவிழ்ந்தது. துப்பாக்கி கொடுக்க உத்தரவிட்டது யார் என்ற கேள்வி, அரசு கவிழ்ந்த சத்தத்தில் அமுங்கிப்போனது.

அடுத்தது, பங்காளிகளே சொன்னவை. எம்.ஜி.ஆர். முதல் தவணையாக 2 கோடி ரூபாய் தந்ததை அன்ரன் பாலசிங்கம் தன் நூலில் பதிவு செய்திருக்கிறார். 1987 ஒப்பந்தத்தையொட்டிப் புலிகளுக்கு மாதம் 50 லட்சம் ரூபாய் தர உடன்பட்டதை அன்றைய இந்தியத் தூதர் ஜே.என். டிக்சித் ஒப்புக்கொண்டார். தமிழ்நாட்டில் உளவுத் துறைப் பொறுப்பில் இருந்த கே. மோகன்தாஸ் 1992இல் தனிப் புத்தகமே எழுதினார். எல்லோரும் ஓய்வு பெற்ற பிறகோ, உறவு முறிந்த பிறகோதான் பேசினார்கள்.

இந்த மோகன்தாஸ் தலைமையில்தான் 1986 நவம்பர் 8 அதிகாலை தமிழ்நாடு முழுக்க இயக்க முகாம்களில் போலீஸ் புகுந்து ஆயுதங்களைப் பறித்தது. பெங்களூரில் சார்க் மாநாடு நடக்க இருந்தது. 7ஆம் தேதி ராத்திரி வரை விருந்தாளி, 8ஆம் தேதி விடிந்ததும் சந்தேகப் பேர்வழி. அதிகாரம் என்பது தடை செய்வதோடு நிற்பதில்லை, மனிதர்களை இன்னின்னவர்களாக உற்பத்தியும் செய்கிறது என்று பூக்கோ சொன்னதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. அதே பையன், அதே துப்பாக்கி. 'போராளி'யா 'பயங்கரவாதி'யா என்பதை டெல்லியின் வெளியுறவுக் காலண்டர் தீர்மானித்தது.

3

எதற்காக இதெல்லாம்? 1987 ஜூலை 29 ஒப்பந்தத்தோடு ராஜீவும் ஜெயவர்த்தனாவும் பரிமாறிக்கொண்ட கடிதங்களைப் படித்தால் போதும். அந்நிய இராணுவ, உளவுப் பணியாளர்கள் இலங்கையில் இருப்பது பற்றி. திருகோணமலைத் துறைமுகத்தை இந்தியாவுக்குக் கேடாகப் பிறருக்குத் தராதது பற்றி. அங்குள்ள எண்ணெய்க் குதங்களைச் சேர்ந்து சீரமைப்பது பற்றி. அந்நிய ஒலிபரப்பு நிலையங்கள் பற்றி. கொழும்பு மீது அழுத்தம் கொடுக்க ஆயுதம் ஏந்திய இளைஞர்கள் தேவைப்பட்டார்கள். அழுத்தம் பலித்ததும் தேவை முடிந்தது. அக்டோபர் 10இலிருந்து, பயிற்சி கொடுத்தவர்களும் பயிற்சி பெற்றவர்களும் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டார்கள். 1990 மார்ச்சில் திரும்பி வருவதற்குள் இந்தியத் தரப்பில் மட்டும் ஆயிரத்துக்கு மேற்பட்ட சிப்பாய்கள் செத்திருந்தார்கள். செத்த ஈழத்துச் சனங்களின் கணக்கு எந்த அரசிடமும் ஒழுங்காக இல்லை.

கூத்து இத்தோடு முடியவில்லை. இந்தியப் படையை வெளியேற்றுவதற்காக 1989இல் பிரேமதாசா அரசு அதே புலிகளுக்கு ஆயுதம் கொடுத்தது. இந்தியத் தரப்போ கிழக்கிலும் வடக்கிலும் பையன்களைப் பிடித்துக் கட்டாயமாகத் 'தமிழ்த் தேசிய இராணுவம்' கட்டியது. படை கப்பலேறியதும் அந்தப் பையன்கள் புலிகள் கையில் அகப்பட்டார்கள். 1988 நவம்பர் 3இல் மாலத்தீவு ஆட்சியைக் கவிழ்க்கக் கூலிப்படையாகப் போனவர்கள் புளொட்காரர்கள். அவர்களை அடக்கப் பறந்தது இந்தியப் படை. ஆப்கானிஸ்தானில் சி.ஐ.ஏ.வும் ஐ.எஸ்.ஐ.யும் செய்ததைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிற நமது இடதுசாரி ஏடுகள், நம் கொல்லைப்புறத்துச் சங்கதியை ஏன் இத்தனை சுருக்கமாகக் கடந்துபோகின்றன?

4

உளவு உறவின் கொடிய விளைவு பணமோ துப்பாக்கியோ அல்ல என்று நினைக்கிறேன். 'ஏஜெண்ட்' என்ற சொல்தான். ஒரு இயக்கத்தின் சோற்றுக்கும் தோட்டாவுக்கும் யாரோ ஒரு அதிகாரி பொறுப்பு என்றாகிவிட்டால், அந்த இயக்கம் தன் சனங்களுக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை. உள்ளே கேள்வி கேட்பவனை அடக்க ஒரே சொல் போதும்.

1986 ஏப்ரல் கடைசியிலும் மே மாதத் தொடக்கத்திலும் டெலோ இயக்கத்தைப் புலிகள் அழித்தார்கள். டெலோ 'றோ'வின் கையாள் என்பது சொல்லப்பட்ட நியாயங்களில் ஒன்று. சொன்னவர்களும் அதே 'றோ'விடம் பயிற்சி எடுத்தவர்கள். புளொட் முகாம்களுக்குள் உளவாளி என்ற பெயரில் நடந்த சித்திரவதைகளிலிருந்து தப்பி வந்தவர்களில் ஒருவரான கோவிந்தன் எழுதியதுதான் 'புதியதோர் உலகம்' (1985). ஈழத்து நாவல் என்று அதைப் பாராட்டிவிட்டு நகர்ந்துவிட்டோம். அந்த முகாம்கள் இருந்தது நம் தஞ்சை மாவட்டத்தில் என்பது நம்மை உறுத்தவில்லை. 'முறிந்த பனை'யை எழுதிய நால்வரில் ஒருவரான ராஜினி திராணகம 1989 செப்டம்பர் 21இல் சுட்டுக் கொல்லப்பட்டார். எல்லாத் தரப்புத் துப்பாக்கிகளையும் அவர் கணக்கெடுத்ததுதான் குற்றம். 1990 ஜூனில் சென்னை கோடம்பாக்கத்தில் பத்மநாபாவும் தோழர்களும் கொல்லப்பட்டபோதும் அந்தச் சொல் தயாராக இருந்தது.

ஒரு சின்ன விஷயம். 'ரா'வின் சென்னைப் பொறுப்பில் இருந்து இயக்கங்களைக் கையாண்ட அதிகாரி ஒருவரே சி.ஐ.ஏ.வுக்குத் தகவல் கொடுத்தார் என்று 1987இல் கைது செய்யப்பட்டார். ஏஜெண்டைத் தேடுவதாயிருந்தால் அலுவலகத்துக்குள்ளேயே தேடியிருக்கலாம்.

5

1991 மே 21க்குப் பிறகு கணக்குத் தீர்க்கப்பட்டது யாரிடம்? அதற்கு முன்பே, ஜனவரி 30இல், புலிகளின் நடமாட்டத்தைக் காரணம் காட்டி, ஆளுநர் பர்னாலாவின் அறிக்கை இல்லாமலேயே, தி.மு.க. அரசு கலைக்கப்பட்டிருந்தது. ஸ்ரீபெரும்புதூருக்குப் பிறகு ஊரூராக விசாரணை. எங்கள் பக்கத்தில் ஒரு திராட்சைத் தோட்டக்காரர் 1985இல் காயம்பட்ட பையன்கள் இரண்டு பேரைத் தோட்டத்து அறையில் சில வாரம் தங்கவைத்திருந்தார். ஆறு வருசம் கழித்து அவரை வாராவாரம் கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். மருந்தடிக்கிற நேரத்தில் தோட்டத்துக்குப் போக முடியாமல் அந்த வருச வெள்ளாமையே போனது. அவர் என்னிடம் கேட்டார்: "ஏன் தம்பி, சுடக் கத்துக் குடுத்தவன விட்டுட்டாங்க. சோறு போட்டவனத்தான பிடிக்கிறாங்க?"

இந்தக் கேள்வியைச் சட்டத்தின் மொழியில் எழுதிப் பார்க்கலாம். ராஜீவ் கொலை வழக்கில் 1998 ஜனவரியில் தடா நீதிமன்றம் 26 பேருக்கும் மரண தண்டனை விதித்தது. 1999 மே 11இல் உச்ச நீதிமன்றம், இது தடா சட்டப்படியான பயங்கரவாதச் செயல் ஆகாது என்று சொல்லி 19 பேரை விடுவித்தது. ஆனால் தடாவின்கீழ் வாங்கிய வாக்குமூலங்களை வைத்தே மற்ற ஏழு பேர் மீதான கொலைக் குற்றத் தீர்ப்பு நின்றது. பேட்டரி வாங்கிக் கொடுத்ததாகச் சொல்லப்பட்ட பேரறிவாளனின் வாக்குமூலத்தைத் தான் முழுதாகப் பதிவு செய்யவில்லையென்று அதை எழுதிய சி.பி.ஐ. அதிகாரியே 2013இல் ஒத்துக்கொண்டார். 19 வயதில் உள்ளே போனவர் 2022 மே மாதம்தான் முழுதாக வெளியே வந்தார். பெரும் சதியைக் கண்டுபிடிக்க 1998இல் அமைத்த பல்நோக்குக் கண்காணிப்பு முகமை, சதி யாருடையது என்று நாட்டுக்குச் சொல்லாமலேயே அதே 2022இல் கலைக்கப்பட்டது.

2002இல் திருமங்கலத்தில் பேசியதற்காக வைகோ பொடாவில் கைதாகி ஒன்றரை வருசத்துக்கு மேல் சிறையில் இருந்தார். பேச்சுக்கு இந்தத் தண்டனை. பயிற்சிக்கு எந்த அதிகாரியும், எந்த அமைச்சரும் ஒரு நாள்கூடக் கூண்டில் நின்றதில்லை.

6

சந்தேகங்கள் என்ற மூன்றாவது வகையைக் கடைசியில் வைக்கிறேன். மொசாட் ஒரே காலத்தில் சிங்களப் படையினருக்கும் புலிகளுக்கும் பயிற்சி கொடுத்ததாக விக்டர் ஆஸ்ட்ரோவ்ஸ்கி 1990இல் எழுதினார். ராஜீவ் கொலையில் அந்நிய உளவு அமைப்புகளின் கை இருந்ததாகப் பல கதைகள். இவை உண்மையாக இருக்கலாம், பொய்யாகவும் இருக்கலாம். தேநீர்க்கடையில் இவற்றை ருசித்துப் பேசுகிற நாம், நிரூபணமான முதல் வகையைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்காமல் இருப்பதுதான் விசித்திரம். சதிக்கதை நம்மை வேடிக்கை பார்ப்பவர்களாக்குகிறது. ஆவணம் நம்மைக் கேள்வி கேட்கச் சொல்கிறது.

'ரா'வும் ஐ.பி.யும் நாடாளுமன்றம் இயற்றிய எந்தத் தனிச் சட்டத்தாலும் உருவானவை அல்ல. 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டத்திலும் அவற்றுக்கு விலக்கு உண்டு. அமெரிக்க செனட் 1975இல் சர்ச் குழுவை வைத்து சி.ஐ.ஏ.வை விசாரித்தது, அதனால் சி.ஐ.ஏ. திருந்திவிடவில்லை, ஆனால் கோப்புகள் வெளியே வந்தன. நமக்கு அதுகூட இல்லை. 1983–90 கோப்புகளைத் திற என்ற கோரிக்கையை, அணை நீருக்காகவும் பொட்டிப்புரம் மலைக்காகவும் தெருவில் நின்ற இந்தப் பள்ளத்தாக்கு எழுப்ப முடியும். ஓட்டுப் போட்டவர்கள் என்ற முறையில் கேட்க உரிமையும் உண்டு.

நம் பக்கத்து வேலை ஒன்றும் இருக்கிறது. உதவி என்று வருவதை யார் தருகிறார்கள், எதற்காகத் தருகிறார்கள், அந்தக் கணக்கைத் தன் சனங்கள் முன் விரித்துக் காட்ட முடியுமா என்று எந்த இயக்கமும் வாங்குவதற்கு முன்னால் கேட்டாக வேண்டும். மாற்றுக் கருத்து சொல்கிற தோழரை ஆதாரமில்லாமல் 'ஏஜெண்ட்' என்று அழைப்பதை நாம் நிறுத்தியாக வேண்டும். அந்தச் சொல்லின் மேல் எத்தனை பிணங்கள் என்று இந்த வரலாறு காட்டுகிறது. சோறு போட்டவர்களும் உண்டியலில் காசு போட்டவர்களும் இப்போது எழுபது, எண்பது வயதில் இருக்கிறார்கள். அரசின் கோப்பு திறக்கும்வரை காத்திராமல், அவர்கள் சொல்வதையாவது தேதி போட்டு இப்போதே எழுதி வைக்க வேண்டும்.