அரபு இளைஞர் கால்பந்துக் கோப்பை

அரபு நாடுகளின் இருபது வயதுக்குட்பட்ட தேசிய அணிகள் பொருதும் இச்சர்வதேசப் போட்டியை, 1974-இல் தோன்றி ரியாத் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட அரபுக் கால்பந்துச் சங்கங்களின் ஒன்றியம் நடத்தி வருகிறது. அரபு உலகம் ஆசியா, ஆப்பிரிக்கா என்னும் இரு கண்டங்களின் சம்மேளனங்களுக்குள் பிரிந்து கிடப்பதால், கண்டப் போட்டிகளில் எதிர்ப்படவே வழியில்லாத ஈராக்கின் இளைஞரும் அல்ஜீரியாவின் இளைஞரும் ஒரே களத்தில் நின்று தத்தம் திறனை அளந்தறியும் சந்தர்ப்பம் வாய்ப்பதே இதன் விசேஷப் பிரயோஜனம் எனலாம். 2020-இல் சவூதி அரேபியாவில் நடந்தபோது, விருந்தாளியாக அழைக்கப்பெற்ற செனெகல், இறுதியாட்டத்தில் துனீசியாவை 1-0 என வென்று கோப்பையைக் கைக்கொண்டது. 2021-இல் எகிப்திலும், 2022-இல் தன் மண்ணிலேயே உள்ள அப்ஹா நகரிலும் சவூதி அரேபியா வாகை சூடிற்று.

பதினேழு வயதுக்குட்பட்டோர்க்கும் இத்தகைய கோப்பை உண்டு. 2022-இல் அல்ஜீரியாவின் சிக் நகரில் நடந்த அதன் இறுதியாட்டத்தில், முந்தைய ஆண்டே ராஜதந்திர உறவு முறிந்திருந்த அண்டை நாடுகளான அல்ஜீரியாவும் மொராக்கோவும் எதிர்நிற்க, பாலகர்களின் தோள்களில் ஏற்றப்பட்ட பாரம் அவர்தம் வயதுக்கு மிகையாகவே இருந்தது. ஆட்டம் 1-1 எனச் சமநிலையில் முடிய, பெனால்டி உதைகளில் 4-2 என அல்ஜீரியா வென்றதும், மைதானத்திலேயே கைகலப்பு மூண்டது.