ஒதுக்கப்பட்ட நாற்காலி: தென்மாவட்டத் தனி ஊராட்சிகளும் மக்களாட்சியும் (1996–2006)

தமிழகத்தின் உள்ளாட்சி வரலாறு பேசப்படும் இடங்களிலெல்லாம் உத்திரமேரூரின் குடவோலை முறை முதற்சான்றாகக் காட்டப்படுகிறது. முதலாம் பராந்தகன் காலத்து (கி.பி. 919, 921) அக்கல்வெட்டுகள், கணக்குக் காட்டாதவரையும் அவர்தம் உறவினரையும் வாரியப் பொறுப்பிலிருந்து விலக்கி வைப்பது வியப்பிற்குரியதே. எனினும் அது ஒரு பிரமதேய ஊரின் சபை. இறைநிலமும் வேதக்கல்வியும் உடையோரின் பெயர்களே குடத்தில் இடப்பட்டன. ஓலை எடுத்த நேர்மையைப் போற்றும் ஆய்வுகள், யாருடைய ஓலை குடத்திற்குள் செல்லவே இல்லை என்பதைப் பெரிதும் கேட்பதில்லை.

இவ்வினாவிற்கு விடையாக அமைந்தது அரசியலமைப்பின் 73ஆம் திருத்தம். 1993இல் நடைமுறைக்கு வந்த இத்திருத்தம், உறுப்பினர் இடங்களோடு தலைவர் பதவிகளையும் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்க வழிசெய்தது. அதன்படி 1996இல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தபோது, மதுரை மாவட்டத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்துக் கொட்டகச்சியேந்தல் ஆகியவை தனி ஊராட்சிகளாயின. ஆதிக்க சாதியினர் இதை ஏற்கவில்லை. தலித் மக்களோ பிழைப்பிற்கு அவர்களின் நிலங்களையே நம்பியிருந்தனர். ஆகவே வெளிப்படையான தடை பல வேளைகளில் தேவைப்படவில்லை. சில முறை வேட்புமனுவே வரவில்லை. சில முறை ஆதிக்க சாதியினரே நிறுத்திய தலித் வேட்பாளர் வென்று, உடனே பதவி விலகினார். இரண்டாம் முறை நுட்பமானது. அறிவிப்பு, மனு, வாக்குப்பதிவு, முடிவு என யாவும் சட்டப்படியே நிறைவேறின. பதவி மட்டும் வெறுமையாய் நின்றது. கலைக்கப்பட்ட ஊராட்சிக்கு ஆறு மாதத்திற்குள் தேர்தல் நடத்தவேண்டும் என்பது அரசியலமைப்பின் விதி. இவ்வூர்களிலோ பத்தாண்டுகள் கழிந்தன.

பணியாதோர்க்கு என்ன நேரும் என்பதற்கு மேலூரை அடுத்த மேலவளவு சான்று. அத்தனி ஊராட்சியின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசன் உள்ளிட்ட அறுவர், 1997 ஜூன் 30 அன்று பேருந்தில் ஊர் திரும்பும் வழியில் வெட்டிக் கொல்லப்பட்டனர். அச்சம் என்னும் சொல்லின் பொருளை அதன்பின் அப்பகுதியில் எவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

2006 அக்டோபரில்தான் மேற்குறித்த நான்கு ஊராட்சிகளிலும் தேர்தல் முறையாக நடந்து, தலைவர்கள் பதவியில் நிலைத்தனர். அப்போதைய மதுரை மாவட்ட ஆட்சியர் த. உதயச்சந்திரன் ஊர்மக்களிடையே மேற்கொண்ட பேச்சுவார்த்தைகளுக்கு இதில் பெரும் பங்குண்டு. அதே ஆண்டு சென்னையில் சமத்துவப் பெருவிழா எடுத்து அத்தலைவர்களை அரசு பாராட்டியது. பிற ஊர்களில் ஐந்தாண்டிற்கு ஒருமுறை வழக்கமாய் நடந்தேறும் ஒன்றிற்கு இங்கு விழா தேவைப்பட்டது.