உப்பு போட்டது வேறு, பதனிட்டது வேறு!

சென்னையிலிருந்து பெங்களூரு போகிற நெடுஞ்சாலையில் வேலூர் தாண்டி, பள்ளிகொண்டாவும் தாண்டினால் மாதனூர். அடுத்தது ஆம்பூர். ஆம்பூர் என்றதும் உங்களுக்குப் பிரியாணி ஞாபகம் வரும். இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சோறு போடுவது தோலும் ஷூவும்தான்.

தோல் தொழிலில் ஒரு பாலபாடம் உண்டு. உரித்த பச்சைத்தோல் கெடாமலிருக்க முதலில் உப்பு போடுவார்கள். அது தற்காலிக ஏற்பாடு. உப்பைக் கழுவிவிட்டுச் சும்மா போட்டு வைத்தால் தோல் அழுக ஆரம்பித்துவிடும். ஆவாரம்பட்டையோ குரோமோ ஏற்றிப் பதனிட்டால்தான் தோலின் தன்மையே மாறும். அப்புறம் தண்ணீரில் நனைந்தாலும் அழுகாது.

எடை குறைக்கும் மருந்துகளின் சரித்திரத்தைப் புரட்டினால் இந்தப் பாடம்தான் திரும்பத் திரும்ப வருகிறது. மருந்து வேலை செய்யும்போது எல்லோரும் கைதட்டுகிறார்கள். ‘நிறுத்தினால் என்ன ஆகும்?’ என்று யாரும் முதலிலேயே கேட்பதில்லை!

முதல் உலகப்போர் சமயம். பிரான்ஸின் வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் டைநைட்ரோபீனால் என்ற ரசாயனத்தோடு புழங்கிய தொழிலாளர்களுக்கு வியர்த்துக் கொட்டியது, எடை மளமளவென்று இறங்கியது. சிலர் செத்தும் போனார்கள். 1933-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் அதையே இளைக்கிற மருந்தாக அறிவித்தார்கள். ஜனங்கள் வாங்கிக் குவித்தார்கள். கண்புரையும் மரணங்களும் வரிசை கட்ட, 1938-ல் அங்கே அதற்கு மூடுவிழா.

அடுத்து, ‘ஃபென்-ஃபென்’. இரண்டு மாத்திரைகளின் கூட்டணி. 1992-ல் வெளியான ஓர் ஆய்வு இதைப் பிரபலமாக்கியது. மாத்திரையை நிறுத்தியவர்களுக்கு எடை திரும்பி ஏறியதும் அதே ஆய்வில் இருந்தது. ஆனால், அந்தப் பக்கத்தை யார் படித்தார்கள்? 1997-ல் இதய வால்வு பாதிப்பு தெரியவந்து, கூட்டணியில் ஒரு மாத்திரை கடையிலிருந்து வாபஸ்.

அதற்குப் பிறகு ரிமோனபான்ட், சிபுட்ராமின். இவை நம் ஊர் மருந்துக் கடைகளுக்கும் வந்தன. மனச்சோர்வு பயத்தால் முன்னதை 2009-லும், இதயக் கோளாறு பயத்தால் பின்னதை 2011-லும் இந்திய அரசு தடை செய்தது.

சரி, எடை ஏன் திரும்புகிறது? ‘வாயைக் கட்டத் தெரியலை’ என்று வீட்டில் சொல்வார்கள். அது அவ்வளவு சுலபமான விஷயம் இல்லை.

1944-45-ல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஏன்சல் கீஸ் என்பவர் 36 ஆரோக்கியமான இளைஞர்களை ஆறு மாதம் அரைப்பட்டினி போட்டார். அவர்களாகவே முன்வந்தவர்கள்தான். எடை நாலில் ஒரு பங்கு குறைந்தது. கட்டுப்பாட்டை நீக்கியதும் அவர்கள் சாப்பிட்ட சாப்பாடு இருக்கிறதே... வயிறு நிறைந்தும் பசி அடங்கவில்லை. போன கொழுப்பு திரும்பி, முன்பைவிடக் கூடுதலாகவே சேர்ந்தது.

2011-ல் ஆஸ்திரேலியாவில் 50 பேரை வைத்து ஓர் ஆய்வு. பத்து வாரக் கடும் டயட்டில் இளைத்தவர்களுக்கு ஒரு வருஷம் கழித்துப் பார்த்தாலும், பசியைத் தூண்டும் ஹார்மோன்கள் பழைய நிலைக்கு இறங்கவில்லை! எடை குறைந்ததை உடம்பு பஞ்சம் என்றே எடுத்துக்கொள்கிறது. ‘போனதை மீட்டுக் கொண்டுவா’ என்று உள்ளேயிருந்து விரட்டிக்கொண்டே இருக்கிறது.

இப்போது ஊசிகளின் காலம். ஹீலா மான்ஸ்டர் என்ற அமெரிக்கப் பாலைவன விஷப்பல்லியின் விஷத்தில் ஒரு பொருளை ஜான் எங் என்ற டாக்டர் 1992-ல் கண்டுபிடித்தார். அது நம் குடல் சுரக்கிற ஒரு ஹார்மோனைப் போலவே வேலை செய்தது. அதிலிருந்து 2005-ல் ஒரு சர்க்கரை நோய் மருந்து வந்தது. அதே வழியில் பின்னால் வந்தவைதான் செமாகுளுடைடும் டிர்செபடைடும். ‘போதும்’ என்ற தகவலை மூளைக்குச் சொல்வது இந்த ஹார்மோனின் வேலை. இயற்கையானது ரத்தத்தில் தாங்குவது ஓரிரு நிமிஷம். செமாகுளுடைடு பாதியாகக் குறையவே ஒரு வாரம் பிடிக்கும். ஊசியை நிறுத்தினால் சுமார் ஐந்து வாரத்தில் ஏறக்குறைய முழுதும் போய்விடும். பழைய பசி வந்து வாசலில் நிற்கும்.

நான் படித்தது பி.காம். அதனால் கணக்கில் சொல்கிறேன். 2022-ல் வெளியான செமாகுளுடைடு ஆய்வின் சராசரிப்படி, 100 கிலோ ஆசாமி 68 வாரத்தில் சுமார் 83 கிலோ ஆனார். ஊசி நின்று ஒரு வருஷத்தில் சுமார் 94 கிலோ. போனதில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது! கூடவே ரத்த அழுத்தமும் பழைய பாதைக்குத் திரும்பியது.

‘உடற்பயிற்சியை விட்டிருப்பாங்க’ என்பீர்கள். டிர்செபடைடு ஆய்வில் உணவு, உடற்பயிற்சி ஆலோசனையை நிறுத்தவே இல்லை. அப்படியும், 36 வாரத்தில் சுமார் 21 சதவிகிதம் இளைத்தவர்களில் ஊசியை நிறுத்திய பிரிவுக்கு 14 சதவிகிதம் ஏறியது. குறைந்ததில் 80 சதவிகிதத்தையாவது தக்கவைத்தவர்கள் அந்தப் பிரிவில் நூற்றுக்குப் பதினேழு பேர்தான்.

இதில் பணமும் சேர்ந்திருக்கிறது. 2025 மார்ச்சில் டிர்செபடைடு ‘மவுஞ்சாரோ’ என்ற பெயரில் இந்தியாவுக்கு வந்தபோது 5 மில்லிகிராம் மருந்தின் விலை 4,375 ரூபாய். வாரம் ஒன்று. மாதத்துக்கு 17,500. ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கிற பெண் நினைத்துப் பார்க்கிற தொகையா இது? நகையை வைத்து நாலு மாதம் போட்டு, கையில் காசு தீர்ந்து நிறுத்தினால்... எடையும் திரும்பும், கடனும் நிற்கும். போதாக்குறைக்கு, ‘எனக்கு மனஉறுதி இல்லை’ என்ற குற்ற உணர்ச்சி வேறு. செமாகுளுடைடின் இந்தியக் காப்புரிமைக்கு 2026 மார்ச் வரைதான் ஆயுள். பல கம்பெனிகள் தயாரித்தால் விலை இறங்கும். ஆனால், நிறுத்தினால் என்ன என்ற கேள்வி அப்படியேதான் இருக்கும்.

அப்படியானால் ஊசியே வேண்டாமா? அப்படிச் சொல்ல வரவில்லை. பிரஷர் மாத்திரையை நிறுத்தினால் பிரஷர் ஏறும். அதற்காக மாத்திரை போலி என்றா சொல்கிறோம்? உடல் பருமனும் அதுபோல நாள்பட்ட நோய் என்றுதான் உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது. அதை நாலு மாத கோர்ஸ் மாதிரி நினைப்பதுதான் வம்பு.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. டென்மார்க்கில் இதே குடும்பத்தைச் சேர்ந்த லிராகுளுடைடு ஊசியோடு, பயிற்சியாளரை வைத்து ஒரு வருஷம் உடற்பயிற்சியும் செய்தவர்கள், இரண்டும் நின்று ஒரு வருஷம் கழித்துப் பார்த்தபோது, வெறும் ஊசி போட்டவர்களைவிட அதிக எடையிழப்பைத் தக்கவைத்திருந்தார்கள். 2024-ல் வெளியான முடிவு இது. பதனிடுகிற வேலையில் கொஞ்சமாவது அங்கே நடந்திருக்கிறது!

ஆகவே, முதல் ஊசிக்கு முன்பே டாக்டரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். எவ்வளவு காலம் போட வேண்டும்? அத்தனை காலத்துக்கும் மொத்தச் செலவு என்ன? நிறுத்த வேண்டி வந்தால் எப்படி நிறுத்துவது? சர்க்கரை நோய்க்காகப் போடுபவர்கள், சொல்லாமல் கொள்ளாமல் நிறுத்தவே கூடாது. சர்க்கரை எகிறிவிடும்.

நிறுத்திய பிறகு எடை ஏறிவிட்டதா? கூனிக்குறுகாதீர்கள். கெட்டது உங்கள் குணம் இல்லை, கரைந்தது உப்பு. தயங்காமல் திரும்ப டாக்டரிடம் போங்கள்.